வாங்க இயலாப் பொருளும் வழங்கும் ஆங்கிலமும்

ஒரு மொழியைக் கற்பவர் அம்மொழி பேசுவோர் வாங்கி விற்கும் பொருள்களின் பெயர்களையும் சேர்த்தே கற்கிறார். இதில் வியப்பில்லை. ஆனால் அப்பொருள்களை வாங்கும் நிலையில் இல்லாத ஒரு மாணவர் அவற்றின் பெயர்களைக் கற்கும்போது, அவர் கற்க வேண்டிய சொற்றொடர் ஒன்று எஞ்சி நின்றுவிடுகிறது. நம் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் அதனைக் கற்பிப்பதில்லை. கற்பித்தாலும் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. அச்சொற்றொடரைப் பற்றியதே இக்கட்டுரை. தமிழ்த்துறை மலரில் ஆங்கிலத்துக்கு என்ன வேலை என வினவும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். கட்டுரை முடிவதற்குள் வேற்றுமை இலக்கணம் வந்து சேரும்.

அரிமளம், கே. புதுப்பட்டி, திருமயம், அறந்தாங்கிப் பக்கங்களிலிருந்து பேருந்தேறி வரும் நம் மாணவச் செல்வங்களுள் பெரும்பாலோர் தமிழ்வழியில் பயின்றவர்கள். அவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தேவை என்பதில் ஐயமில்லை. தமிழ் கற்பிப்பவன் ஆங்கிலத்தை வெறுக்க வேண்டும் என்னும் பழைய எண்ணம் எனக்குக் கிடையாது. எனினும் அப்பயிற்சி நூல்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தங்கும் விடுதியில் அறை கேட்பது ஓர் உரையாடல். உணவகத்தில் மூன்று சுற்று உணவு வரவழைப்பது மற்றொன்று. வானூர்தி நிலையம், வாடகை மகிழுந்து, கடற்கரை விடுமுறை எனப் பாடங்கள் தொடர்கின்றன. "ஐ உட் லைக் எ டபுள் ரூம் வித் எ வியூ" என்று உரக்கச் சொல்லிப் பழகும் மாணவரின் வீட்டில் அறை ஒன்றே. அதில் படுப்பவர் ஐவர். சாளரத்துக்கு வெளியே தெரியும் காட்சிக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதே அவருக்குப் புதிய செய்தி.

அரிமளத்துக் கொத்தனார் ஒருவரின் மகன் எம் வகுப்பில் ஒருநாள் எழுந்து கேட்டான்: "ஐயா, எல்லாம் சொல்லித் தந்துவிட்டார்கள். விலையைக் கேட்டபிறகு 'நமக்குக் கட்டாது' என்று சொல்லிவிட்டு மரியாதையாக வெளியே வருவதற்கு மட்டும் ஒன்றும் சொல்லித் தரவில்லையே?" வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. ஆங்கிலத்துறை நண்பர்களிடம் அனுப்பியிருந்தால் அரை நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். ஆனால் அவ்வினாவில் மொழிபெயர்ப்புக்கு மேலும் ஒரு செய்தி இருந்தது.

கட்டுப்படியாதல்

நம் ஊர்ச் சந்தையில் ஒரு பொருளின் விலை நம் கைப்பொருளுக்கு மிஞ்சினால் நாம் என்ன சொல்கிறோம்? 'கட்டுப்படியாகாது' என்கிறோம். 'விலை கட்டவில்லை' என்கிறோம். 'கைக்கு எட்டாது', 'நமக்குத் தாங்காது' என்கிறோம். இத்தொடர்களின் எழுவாயை நோக்குங்கள். எழுவாய் விலை, அல்லது பொருள். வாங்க வந்தவர் நான்காம் வேற்றுமையில் 'எனக்கு', 'நமக்கு' என ஓரமாக நிற்கிறார். கட்டாமற் போனது விலை. எட்டாமற் போனது பொருள். வந்தவர் மீது குறை ஏதும் ஏற்றப்படவில்லை. 'என்னால் வாங்க முடியாது' என்ற தொடரும் நம்மிடம் உண்டுதான். அதனை வீட்டுக்கு வந்து, மனைவியிடமோ பிள்ளையிடமோ சொல்கிறோம். கடைக்காரர் முன் சொல்வது அரிது.

இன்னொன்றும் உண்டு. 'கட்டுப்படியாகாது' என்பதை வாங்குபவர் மட்டும் சொல்வதில்லை. "அந்த விலைக்குக் கொடுத்தால் எனக்குக் கட்டுப்படியாகாது பாய்" என்று விற்பவரும் அதே சொல்லைச் சொல்கிறார். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பொதுவாக ஒரே சொல் இருப்பதால், பேரத்தில் இருவரும் ஒரே தரையில் நிற்கிறார்கள். ஒருவர் இல்லாதவர், மற்றவர் உள்ளவர் என்னும் ஏற்றத்தாழ்வு அவ்விடத்தில் மறைகிறது. மாட்டுச் சந்தையில் தரகர் துண்டினால் கையை மூடி, விரல்களைப் பிடித்தே விலை பேசும் வழக்கத்தையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். கேட்ட விலை எவ்வளவு, மறுத்த விலை எவ்வளவு என்பது துண்டுக்குள்ளேயே முடிந்துவிடும். பேரம் படியாமற் போனவரைப் பார்த்துச் சிரிக்க அங்கே எவருக்கும் வாய்ப்பில்லை.

விலை குறைந்ததை நாம் 'மலிவு' என்கிறோம். மலிதல் என்றால் நிறைதல், மிகுதல். பொருள் நிறைந்து கிடக்கிறது. ஆகவே விலை தணிந்திருக்கிறது. அதனை வாங்குபவருக்கு இழிவில்லை. ஆங்கிலத்தின் 'சீப்' என்னும் சொல்லும் முதலில் வாணிகம், பேரம் என்ற பொருளையே கொண்டிருந்தது. இலண்டன் மாநகரின் பழைய அங்காடித் தெருவுக்குச் சீப்சைடு என்று பெயர் வந்தது அதனாலேதான். பிற்காலத்தில் அச்சொல் தரம் தாழ்ந்தது என்ற பொருளையும் ஏற்றது. இன்று நம் மாணவிகள் ஒரு புடவையைச் 'சீப்' என்றால் அது விலையைக் குறித்ததா, உடுத்தியவரைக் குறித்ததா என்று தெரியாமல் மனம் புண்படுகிறது.

விலை உயர்வைக் குறிக்கும் சொற்களிலோ இரு மொழிகளும் வியக்கத்தக்க வகையில் ஒன்றுபடுகின்றன. ஆங்கிலத்தில் 'டியர்' என்றால் அன்புக்குரியவர். விலை மிகுந்தது என்றும் பொருள். தமிழில் 'அருமை' அவ்வாறே. அருமை மகன் என்கிறோம்; கிடைத்தற்கு அரிய பொருளையும் அருமை என்கிறோம். உயர்ந்த விலைக்கு 'அருவிலை' என்ற பழஞ்சொல்லும் உண்டு. 'டியர்னெஸ் அலவன்ஸ்' என்பதற்கு 'அகவிலைப்படி' என்று பெயர் வைத்தவர் நல்ல தமிழறிந்தவராக இருந்திருக்க வேண்டும். அகவிலை என்பது தானியத்தின் விலையைக் குறிக்கும் சொல். முன்பு அதனையே 'பஞ்சப்படி' என்றும் வழங்கினர். ஆசிரியர்கள் ஆண்டுக்கு இருமுறை ஆவலோடு எதிர்நோக்கும் சொல் பஞ்சத்தில் பிறந்தது என்பதை யாரும் நினைவில் கொள்வதில்லை!

இனி அம்மாணவன் கேட்ட ஆங்கிலத் தொடருக்கு வருவோம். 'ஐ காண்ட் அஃபோர்ட் இட்' என்பதே நூல்கள் தரும் விடை. 'அஃபோர்ட்' என்பது பழைய ஆங்கிலத்தில் முன்னே கொண்டு செலுத்துதல், செய்து முடித்தல் என்னும் பொருளுடையது. பணம் பிற்காலத்தில் வந்து அதனோடு ஒட்டிக்கொண்டது. இத்தொடரில் எழுவாய் 'நான்'. பயனிலையில் 'இயலாது' என்பது இருக்கிறது. தமிழில் ஓரமாக நின்றவர் ஆங்கிலத்தில் நடுக்கூடத்துக்கு இழுத்து வரப்படுகிறார். நம் பிள்ளைகளுக்கு நா எழாமற் போவதற்கு இலக்கணமும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஆயினும் ஆங்கிலேயருக்கு மானம் இல்லையா என்ன? கடையில் நிற்கும் ஆங்கிலேயர் அத்தொடரை எளிதில் சொல்வதில்லை. 'தட்ஸ் எ பிட் ஸ்டீப்' என்பார். 'ஸ்டீப்' என்றால் செங்குத்து. விலையை மலையாக்கிவிடுகிறார்; ஏற முடியாமை மலையின் குற்றமாகிவிடுகிறது. 'இட்ஸ் மோர் தேன் ஐ வாண்டட் டு ஸ்பெண்ட்' என்பார். நான் செலவிட எண்ணியதற்கு மேல் போகிறது என்பது இதன் பொருள். 'ஐ ஆம் ஜஸ்ட் லுக்கிங்' என்று சொல்லிவிட்டு மெல்ல நகர்வார். இது நம் 'சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன்' என்பதற்கு நேர். ஆங்கிலேயர் இதனை 'விண்டோ ஷாப்பிங்' என்று பெருமையோடு சொல்ல, பிரெஞ்சுக்காரரோ கடைக் கண்ணாடியை நக்குதல் என்று பொருள்படும் ஒரு தொடரால் குறிக்கிறார். பிரெஞ்சுக்காரர் உண்மை விளம்பி.

ஆக, விலையை எழுவாயாக்கி ஆளைக் காக்கும் வழி ஆங்கிலத்திலும் உண்டு. அறையும் உணவும் வரவழைக்கும் தொடர்களை நூறு தரும் நூல்கள், இவற்றை மட்டும் ஏனோ விட்டுவிட்டன.

மரபுத்தொடர்களை ஒப்பிட்டால் வகுப்பு உயிர்பெறுகிறது. கடும் விலையை ஆங்கிலத்தில் 'ஒரு கையும் ஒரு காலும்' என்பர். இது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் பரவிய வழக்கு. 'மூக்கின் வழியே பணம் கட்டினேன்' என்பது அதனினும் பழையது. தமிழர் உறுப்பை இழப்பதில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கிறார்கள். செலவு மிஞ்சினால் கையைக் கடிக்கிறது. கடன் மிஞ்சினால் கழுத்தை நெரிக்கிறது. 'பகற்கொள்ளை' இரு மொழியிலும் ஒன்றே. யானையும் இரு மொழியிலும் வருகிறது. நாம் 'யானை விலை, குதிரை விலை' என்கிறோம். பயனற்ற பெருஞ்செலவை 'யானையைக் கட்டித் தீனி போடுவது' என்கிறோம். ஆங்கிலத்தில் அது 'வெள்ளை யானை'. தமக்குப் பிடிக்காத அரசவையினருக்குச் சயாம் மன்னர் வெள்ளை யானையைப் பரிசளிப்பார், அதற்குத் தீனி போட்டே அவர் ஓட்டாண்டியாவார் என்றொரு கதை அதற்குச் சொல்லப்படுகிறது. வாங்கும் விலையைவிட வளர்க்கும் விலையே பெரிது என்பதை யானை கட்டிய நாட்டாருக்கு ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டியதில்லை. மாதத் தவணையில் இருசக்கர வண்டி வாங்கிய பின் பெட்ரோலுக்குக் கை நீட்டும் இளைஞர்களுக்குத் தமிழிலேயே நினைவூட்டினால் போதும்.

அரிமளத்து மாளிகைகளும் அவற்றின் சொற்களும்

பொருள் இல்லாதவரும் பொருளின் பெயரை அறிந்திருப்பது நம் பகுதிக்குப் புதிதன்று. திருமயம் வட்டத்தில் அமைந்த அரிமளம் நகரத்தார் ஊர்களுள் ஒன்று. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் சென்று பொருளீட்டியவர்கள் கட்டிய நெடும் வீடுகள் செட்டிநாடெங்கும் நிற்கின்றன. பர்மாத் தேக்கு, இத்தாலிய மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, சுவீடன் எனாமல் பாத்திரம் ஆகிய தொடர்களை அவ்வீட்டுக்காரர் மட்டும் பேசவில்லை. தேக்கை இழைத்த ஆசாரியும், முட்டைப் பூச்சைத் தேய்த்து வழுவழுப்பாக்கிய கொத்தனாரும், கண்ணாடியைத் துடைத்த பணிப்பெண்ணும் பேசினார்கள். தம் வீட்டுச் சுவர் மண்ணாக இருக்க, மற்றவர் வீட்டுச் சுவரின் பெயரைத் துல்லியமாக அறிந்தவர்கள் அவர்கள். என் மாணவனின் பாட்டனார் அவர்களுள் ஒருவர். அச்சொற்கள் அவருக்குத் தொழிற்சொற்கள். அவற்றால் அவர் கூலி பேசினார். 'இந்தப் பூச்சுக்கு இத்தனை நாள், இத்தனை ஆள்' என்று கணக்குச் சொன்னார். வாங்க இயலாத பொருளின் சொல் அவருடைய வாயில் இழிவாக இல்லாததற்குக் காரணம் அதுவே.

அம்மாளிகைகளுக்கு அடியிலும் கடன் ஒன்று உறங்குகிறது. 1930களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் கடனைத் திருப்ப முடியாத பர்மிய உழவர்களின் நிலம் கைமாறி, கீழ்ப்பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதி செட்டியார் வட்டிக்கடைகளின் வசம் வந்தது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபின் எல்லாவற்றையும் விட்டு ஓடிவர நேர்ந்தது. பின்னாளில் செட்டிநாட்டு வீடுகள் பலவற்றிலிருந்து தூணும் கண்ணாடியும் வெளியேறி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் 'ஆண்டிக்' என்னும் புதுப்பெயரோடு உட்கார்ந்தன. இப்போது அவற்றின் விலை, அவ்வீட்டு வழித்தோன்றல்கள் பலருக்கே கட்டுப்படியாகாது.

சொற்களின் வரலாற்றிலும் இதே வரிசையைக் காணலாம். மேசை, அலமாரி, சன்னல், சாவி ஆகியவற்றை நமக்குத் தந்தது போர்த்துகீசியம். அலமாரியைத் தந்த அதே மொழிதான் 'ஏலம்' என்னும் சொல்லையும் தந்தது. பாக்கி, வசூல், ஜாமீன், ஜப்தி ஆகியவை அரபு மூலத்திலிருந்து உருது வழியாக நம் கணக்கேட்டில் ஏறின. ஆங்கிலம் தன் பங்குக்கு ஈ.எம்.ஐ., டவுன் பேமெண்ட், ப்ராசஸிங் ஃபீ என்று தருகிறது. வந்த மொழி எதுவாயினும் பொருளின் பெயரைத் தந்த கையோடு கடனின் பெயரையும் தந்தே சென்றிருக்கிறது. நம் பயிற்சி நூல்கள் முதற்பாதியைக் கற்பித்துப் பின்பாதியை மறைக்கின்றன.

பட்டா என்னும் பாடம்

இல்லாத பொருளின் சொல்லைக் கற்பிப்பது தவறா என்று கேட்டால், இல்லை என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டமே சான்று. 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அவர்கள் மாவட்ட ஆட்சியராக இருந்த காலம் அது. எழுத்தறியாத உழைப்பாளிப் பெண்கள் இரவில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி அமர்ந்து படித்தார்கள். அவர்களுடைய பாடநூலில் அணிலும் ஆடும் முதலில் வரவில்லை. தொடக்கப் பாடத்திலேயே 'பட்டா' என்னும் சொல் நின்றது. கற்க வந்தவருள் மிகப் பலரிடம் பட்டா இல்லை. இல்லாததாலேயே அது பாடமாயிற்று. 'பட்டா யாரிடம் இருக்கிறது, நம்மிடம் ஏன் இல்லை, யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும்' என்ற பேச்சு எழுத்தோடு சேர்ந்து நடந்தது. டொரோண்டோ பல்கலைக்கழக மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி இவ்வியக்கத்தை இம்மாவட்டத்திலேயே தங்கி ஆராய்ந்து 2013இல் ஒரு நூல் வெளியிட்டார். அதே இயக்கத்தில்தான் நம் பெண்கள் மிதிவண்டியும் கற்றார்கள். பலருக்குச் சொந்த வண்டி இல்லை. வாடகை வண்டியிலும், பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் வண்டியிலும் பழகினார்கள். செய்தியாளர் பி. சாய்நாத் இதனை எழுதி உலகறியச் செய்தார்.

'பட்டா' என்ற சொல்லைக் கற்றவர் அதைக் கொண்டு ஒரு கேள்வி கேட்டார். 'டபுள் ரூம் வித் எ வியூ' என்பதைக் கற்றவர் எதைக் கேட்பார்? யாரிடம் கேட்பார்? அத்தொடரை முற்றிலும் தள்ளவும் நான் சொல்லவில்லை. நம் மாணவர்களுள் சிலர் துபாயிலோ சிங்கப்பூரிலோ விடுதியின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று அதனைக் கேட்டுப் பதில் சொல்லப் போகிறவர்கள். கொத்தனாரின் பெல்ஜியம் கண்ணாடி போல அவர்களுக்கு அது தொழிற்சொல். அப்படியானால் அப்படியே கற்பிப்போம். மேசைக்கு முன்னால் நிற்பவர் பேசும் தொடரை மட்டும் மனப்பாடம் செய்வித்து, பின்னால் நிற்பவர் பேச வேண்டியதை விடுவது என்ன முறை? 'இதனினும் குறைந்த கட்டணத்தில் அறை இருக்கிறது' என்று வந்தவரின் முகம் கோணாமல் ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்தவருக்கே அங்கே வேலை நிலைக்கும்.

வாய் திறவாமையின் விலை

ஒரு நிகழ்ச்சியை இங்கே குறிப்பிட வேண்டும். என் தாய்மாமன் ஒருவர் நெஞ்சுவலிக்காக நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். அவருடைய மகன் ஆட்டு வாணிகர். ஆட்டின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்து எடை சொல்லக்கூடியவர்; சந்தையில் அவரை ஏமாற்றியவர் இல்லை. மருத்துவமனை அலுவலர் கண்ணாடி மேசைக்கு அப்பாலிருந்து 'பேக்கேஜ்' என்றார், 'எக்ஸ்க்ளூடிங் மெடிசின்ஸ் அண்ட் கன்ஸ்யூமபிள்ஸ்' என்றார். வாணிகர் ஒவ்வொன்றுக்கும் "ஓகே சார்" என்றார். அருகில் நின்ற அவர் மகள் பட்டம் பெற்றவள். 'எக்ஸ்க்ளூடிங்' என்றால் நீங்கலாக என்று அவளுக்குத் தெரியும். "அத்தா, மருந்துக்குத் தனியாம், மொத்தம் எவ்வளவு வரும்னு கேளுங்க" என்று சொல்ல அவள் நா எழவில்லை. அவ்விடத்தில் பணத்தைப் பற்றிக் கேட்பதே நாகரிகம் அன்று என்று அவள் எண்ணிவிட்டாள். மருந்துச் செலவு பேக்கேஜை எட்டிப் பிடித்தது. வீட்டுப் பட்டா அடகுக்குப் போயிற்று. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சை வருமா என்று ஒரு கேள்வி, மொத்தச் செலவை எழுதித் தாருங்கள் என்று மற்றொரு கேள்வி, இரண்டும் அன்று கேட்கப்படவேயில்லை. அந்தப் பெண் பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலம் கற்றவள்.

நம் சமுதாயப் பெரியோர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய தொடர் ஒன்று உண்டு. 'ஜீரோ பெர்சன்ட் இன்ட்ரஸ்ட்'. வட்டி கூடாது என்னும் மார்க்க நெறியில் நிற்கும் குடும்பங்களுக்கு இது தேன் தடவிய சொல்லாக இருக்கிறது. வட்டி இல்லையாமே என்று மகிழ்ந்து கையெழுத்திடுகிறார்கள். ஆனால் கடன் அட்டை வழியே தரப்படும் இத்தகைய தவணைத் திட்டங்களில் வட்டி பெரும்பாலும் 'ப்ராசஸிங் ஃபீ' என்ற பெயரில் மறைந்து வருகிறது என்றும், வட்டியே இல்லாத கடன் என்பது நடைமுறையில் இல்லாத ஒன்று என்றும் 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதியது. பெயர் மாறினால் பொருள் மாறிவிடுமா? மார்க்க அறிஞர்கள் விளக்க வேண்டிய செய்தி இது. ஆனால் அத்தொடரைப் படித்துப் புரிந்துகொள்வது மொழியாசிரியரின் பொறுப்பு.

2024 அக்டோபர் 1 முதல் இன்னொரு விதி நடைமுறையில் உள்ளது. தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் தவணைக் கடன் கொடுக்கும் வங்கியோ நிதி நிறுவனமோ, எல்லாக் கட்டணமும் உள்ளடங்கிய ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கியத் தகவல் அறிக்கை ஒன்றைக் கடன் வாங்குபவர் அறிந்த மொழியில் தர வேண்டும். அதில் சொல்லப்படாத கட்டணத்தை அவருடைய வெளிப்படையான இசைவின்றிப் பின்னர் வாங்கக் கூடாது. கடன் அட்டை நிலுவைகள் மட்டும் இதற்குப் புறம்பானவை. அதாவது, 'இதனைத் தமிழில் கொடுங்கள்' என்று கேட்க நம் அரிமளத்து உழவருக்கு உரிமை உண்டு. 1991இல் 'பட்டா'வைப் பாடமாக்கியவர்கள் இன்று பாடநூல் எழுதினால் இதனையே முதற்பாடமாக்கியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

'எம்.ஆர்.பி.' என்னும் மூன்றெழுத்தையும் அவ்வாறே கற்பிக்கலாம். அது அரசு வைத்த விலை என்றே பலரும் எண்ணுகிறார்கள். உச்ச அளவுச் சில்லறை விலை, அதாவது அதற்குமேல் விற்கக் கூடாது என்ற எல்லை மட்டுமே அது. குறைத்துக் கேட்பதில் குற்றமில்லை. 'ஃபிக்சட் ப்ரைஸ்' பலகையைக் கண்டால் நம்மவர் கூசிப்போகிறார்கள். ஆனால் ஐரோப்பாவிலும் நிலைவிலை என்பது 19ஆம் நூற்றாண்டில் பெருங்கடைகள் வந்தபின்னரே வேரூன்றியது. அதற்குமுன் அவர்களும் நம்மைப் போலப் பேரம் பேசியவர்களே.

'அஃபோர்ட்' என்னும் சொல்லுக்கு அண்மைக் காலத்தில் நேர்ந்த மாற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 'என்னால் இயலும், இயலாது' என்று வாங்குபவர் சொல்ல வேண்டிய சொல் அது. இன்று விளம்பரக்காரர் 'அஃபோர்டபிள்' என்கிறார். என் மடியில் எவ்வளவு இருக்கிறது என்பதை என்னைக் கேளாமலே தீர்மானித்துவிட்டு, 'உங்களுக்குக் கட்டுப்படியாகும்' என்று எனக்கே அறிவிக்கிறார். தமிழில் இதனைச் சொல்லிப் பாருங்கள். விற்பவர் வாங்குபவரைப் பார்த்து 'உனக்குக் கட்டுப்படியாகும்' என்றால் சந்தையில் சண்டை வரும்.

'இல்லை, இயலாது என்று சொல்லப் பழக்கினால் பிள்ளைகளின் ஊக்கம் குன்றாதா? உயர்ந்தவற்றை எண்ணட்டுமே' என்று மூத்த பேராசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் கூற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் அரிமளத்திலும் சுற்று ஊர்களிலும் நான் காணும் இளைஞர்களிடம் குறைவது ஆசையன்று. கைப்பேசி அவர்களுக்கு ஆசையை நாழிகைக்கு நாழிகை ஊட்டுகிறது. திருமண மண்டபத்தில், நகைக்கடையில், வண்டிக் காட்சியகத்தில் 'இது நமக்கு வேண்டாம்' என்று நிமிர்ந்து சொல்லும் வாய்தான் குறைகிறது. அதனைத் தமிழில் சொல்லத் தெரிந்தவர்களும் ஆங்கிலம் பேசும் இடத்தில் ஊமையாகிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் நடைபெறும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியில் ஒரு மணி நேரத்தைத் தமிழ்த்துறையோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அதில் வானூர்தி நிலையம் வேண்டாம். 'மொத்தம் எவ்வளவு, எழுத்தில் தாருங்கள்', 'இதில் சேராதவை எவை', 'நான் எண்ணியதற்கு மேல் போகிறது', 'வீட்டில் கலந்து சொல்கிறேன்', 'இதனைத் தமிழில் தர இயலுமா' ஆகியவற்றை ஆங்கிலத்தில் தயங்காமல் சொல்லப் பழக்க வேண்டும். ஒருவர் மருத்துவமனை அலுவலராகவும் மற்றவர் நோயாளியின் மகளாகவும் நடித்துப் பழகட்டும். பிறகு இடம் மாறி நடிக்கட்டும். இரு துறைத் தலைவர்களும் இசைந்தால் வரும் பருவத்திலேயே தொடங்கலாம். பாடநூல் அச்சிடும் செலவும் இல்லை. விளம்பரத் துண்டறிக்கைகளையும் தவணைப் படிவங்களையும் மாணவர்களே வீட்டிலிருந்து கொண்டு வருவார்கள். அவற்றுக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை.